சீன மாணவரும் நான்காம் நிலை ஆங்கிலத் தேர்வும்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

நான் முதலாண்டு படித்தபோது ஆய்வகத்தில் நடந்த சிறு நிகழ்ச்சி இது. விரிவுரையாளர் என்னைப் பார்த்து, "ஹேவன்ட் யூ சப்மிட்டட் யுவர் ரெக்கார்டு?" என்று கேட்டார். நான் ரெக்கார்டு நோட்டை வைக்கவில்லை. ஆகவே, "எஸ், சார்" என்றேன். அவர் மேசை மேல் இருந்த நோட்டுகளை எல்லாம் ஒருமுறை புரட்டிப் பார்த்தார். என்னுடையது இல்லை. மீண்டும் கேட்டார். நானும் மீண்டும் "எஸ், சார்" என்றேன். மூன்றாம் முறை தமிழில் கேட்ட பிறகே குழப்பம் தீர்ந்தது. "வைக்கலைன்னா நோன்னு சொல்லணும்ப்பா" என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது. "ஆமாம், வைக்கவில்லை" என்று நினைத்து நான் சொன்ன விடை, ஆங்கிலத்தில் "வைத்துவிட்டேன்" என்று பொருள்பட்டிருக்கிறது. ஆங்கிலம் நம் தலையில் ஏறாது என்று அன்றே முடிவு கட்டிக்கொண்டேன். அந்தப் பருவத்து ஆங்கிலத் தாளும் என் முடிவை மறுக்கவில்லை.

சென்ற கோடை விடுமுறைக்குச் சற்று முன், நம் கல்லூரி நூலகத்தில் வேறொரு நூலைத் தேடியபோது, சீன மொழி இலக்கணத்தை அறிமுகம் செய்யும் ஒரு சிறு நூல் கையில் சிக்கியது. எதிர்மறையாகக் கேட்கும் வினாவுக்குச் சீனர் விடை கூறும் முறை அதில் ஓரிடத்தில் விளக்கப்பட்டிருந்தது. "நீ வரவில்லையா?" என்று கேட்டால், வராத சீனர் "துவெய்" என்று தொடங்குவார். "நீங்கள் சொல்வது சரி, வரவில்லை" என்பது அதன் கருத்து. அதே பழக்கத்தில் ஆங்கிலத்திலும் "எஸ்" என்று சொல்லிவிடுவாராம். நாமும் சீனரும் கேட்டவருடைய கூற்றை ஒப்புக்கொள்கிறோம், அல்லது மறுக்கிறோம். ஆங்கிலேயரோ செயல் நடந்ததா, இல்லையா என்பதற்கு மட்டும் விடை சொல்கிறார். நடக்கவில்லை என்றால், எப்படிக் கேட்டாலும் "நோ"தான். இதைப் படித்தபோது எனக்கு உண்டான ஆறுதல் கொஞ்சமன்று. நூறு கோடிப் பேருக்கு மேல் பேசும் ஒரு மொழியின் பிள்ளைகள் இடறும் இடத்தில்தான் நானும் இடறியிருக்கிறேன்!

திருகு அளவியைக் கையாண்டவர்களுக்குச் சுழிப்பிழை என்றால் தெரியும். முகங்கள் இரண்டும் தொட்டுக்கொள்ளும்போது தலைக்கோலின் சுழி, குறிப்புக்கோட்டில் நில்லாமல் மூன்று பிரிவு தள்ளி நின்றால், அக்கருவி காட்டும் ஒவ்வோர் அளவும் அதே மூன்று பிரிவு தவறாகவே இருக்கும். அதற்காகக் கருவியைத் தூக்கி எறிவதில்லை. பிழையைக் குறித்துக்கொண்டு ஒவ்வோர் அளவிலும் திருத்தம் செய்கிறோம். கவனக்குறைவால் வரும் பிழை தாறுமாறாக வரும். தாய்மொழியால் வரும் பிழையோ எப்போதும் ஒரே பக்கமாக வரும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு, ஒரு சீன மாணவர் தம் கல்லூரி ஆங்கிலத் தேர்வுக்கு எவ்வாறு ஆயத்தமாகிறார் என்பதை இக்கட்டுரையில் கூற முயல்கிறேன். எனக்குச் சீனம் பேசத் தெரியாது. மேற்சொன்ன நூலும், ஆங்கிலத் துறைப் பேராசிரியர் அச்செடுத்துத் தந்த பழைய வினாத்தாள்களும், அவற்றை நானே கடிகாரம் வைத்து எழுதிப் பார்த்த அனுபவமுமே என் முதலீடு.

இனித் தேர்வின் வரலாறு. 1950களில் சீனாவில் அயல்மொழி என்றால் பெரும்பாலும் ரஷ்ய மொழிதான். 1966இல் தொடங்கிய பண்பாட்டுப் புரட்சியில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வே நின்றுபோயிற்று. 1977ஆம் ஆண்டின் இறுதியில்தான் அது மீண்டும் நடந்தது. அதன்பின் அந்நாட்டு இளைஞர்க்கு ஆங்கிலத்தின் மீது எழுந்த வேட்கை பெரிது. 1982இல் சீன மத்தியத் தொலைக்காட்சி, பிபிசியின் 'ஃபாலோ மீ' என்ற ஆங்கிலப் பாடத் தொடரை ஒளிபரப்பியபோது கோடிக்கணக்கானோர் அதைப் பார்த்துப் படித்தனர். 1985இல் கல்லூரி ஆங்கிலத்துக்கெனப் பாடத்திட்டம் ஒன்று வெளிவந்தது. அது முதலில் அறிவியல், பொறியியல் மாணவர்களுக்காகவே வந்தது என்பதை நம் துறை நண்பர்கள் கவனிக்க வேண்டும். கலைப்பிரிவினர் தப்பினர் என்று எண்ண வேண்டாம். அவர்களுக்கும் அடுத்து வந்துவிட்டது. 1987 செப்டம்பரில் முதல் நான்காம் நிலைத் தேர்வும், 1989 ஜனவரியில் முதல் ஆறாம் நிலைத் தேர்வும் நடந்தன. ஆங்கிலத்தையே முதன்மைப் பாடமாக எடுத்தவர்களுக்கு வேறு தேர்வு உண்டு. இது மற்றவர்களுக்கு உரியது. இப்போது ஜூனிலும் டிசம்பரிலுமாக ஆண்டுக்கு இருமுறை நடக்கிறது. ஆண்டொன்றுக்கு எழுதுவோர் ஒரு கோடிக்கும் மேல். பெரும்பாலோர் முதலாண்டின் முடிவிலோ, நம்மைப் போல் இரண்டாமாண்டிலோ எழுதுகிறார்கள்.

ஒரு காலத்தில் பல பல்கலைக்கழகங்கள், இத்தேர்வில் தேறினால்தான் பட்டம் என்று விதி வைத்திருந்தன. அறிவியலில் முதல் வகுப்பு வாங்கியவனும் ஆங்கிலத்தில் தவறினால் பட்டமின்றி வீடு திரும்ப வேண்டிய நிலை. இதற்கு எதிர்ப்பு வலுத்தது. 2005இல் தேர்வு திருத்தி அமைக்கப்பட்டபோது தேர்ச்சிச் சான்றிதழ் நீங்கி, மதிப்பெண் அறிக்கை வந்தது. மொத்தம் 710 மதிப்பெண். தேர்ச்சிக் கோடு என்று எதுவும் இல்லை. ஆயினும் 425 எடுத்தவரே ஆறாம் நிலை எழுதலாம் என்று ஒரு விதி இருப்பதால், மாணவர் மனத்தில் 425தான் கோடு. வேலை கொடுப்பவர் பலரும் அதைத்தான் கேட்கிறார்கள். கோட்டைத் தாளில் அழிக்கலாம், மனத்தில் அழிப்பது கடினம் போலும்.

தேர்வு நாளில் நான்காம் நிலைக்காரர்கள் காலை 9 மணிக்கு அமர்கிறார்கள். முதல் 30 நிமிடம் கட்டுரை. அடுத்த 25 நிமிடம் கேட்டு விடையளித்தல். அது முடிந்தவுடன் முதல் விடைத்தாளை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு படித்துணர்தல் 40 நிமிடம், மொழிபெயர்ப்பு 30 நிமிடம். கேட்டலுக்கு நூற்றுக்கு 35, படித்தலுக்கு 35, கட்டுரைக்கு 15, மொழிபெயர்ப்புக்கு 15. 2005இல் தொடங்கிய திருத்தத்துக்கு முன் கேட்டலுக்கு 20 மட்டுமே இருந்தது. அது ஏன் உயர்ந்தது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

எல்லாருடைய ஆயத்தமும் சொற்பட்டியலில்தான் தொடங்குகிறது. நான்காம் நிலைக்குச் சுமார் 4,500 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் சொற்பட்டியல் நூல்கள் பல அகரவரிசையில் அமைந்தவை. அவற்றில் கண்ணில் படும் முதல் சொற்களில் ஒன்று 'அபான்டன்'. அதன் பொருள் 'கைவிடு'. முதல் நாள் அந்தச் சொல்லைப் படித்துவிட்டு, அதன் அறிவுரைப்படியே நூலைக் கைவிட்டவர் பலர் என்று சீன மாணவர்கள் தங்களையே கேலி செய்துகொள்வார்கள். முதல் சில பக்கங்கள் மட்டும் அழுக்கேறி, மற்றவை புத்தம் புதிதாக இருக்கும் நூல்கள் நம் விடுதியிலும் உண்டு. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது மலையன்று. ஏறக்குறைய 3,000 சொற்கள் உயர்நிலைப் பள்ளிப் பாடத்திட்டத்திலேயே வந்துவிடுகின்றன. மீதி 1,500. நூறு நாளில் படிக்க, நாளுக்குப் பதினைந்து போதும். தனிச் சொல்லாகப் படிக்காமல், அது வரும் வாக்கியத்தோடு படிப்பவர் மறப்பதில்லை. நான் இரு வழியிலும் முயன்றுவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

இந்த ஓரிடத்தில் நாம் சீனரைவிடப் பாக்கியசாலிகள். பஸ், டிக்கெட், கரண்ட், ஆஸ்பத்திரி என்று எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமாரும் நாளெல்லாம் ஆங்கிலச் சொற்களைப் புழங்குகிறார்கள். சீனமோ அயற்சொல்லை அப்படியே ஏற்பது குறைவு. பொருளை எடுத்துக்கொண்டு தன் சொல்லால் பெயர் வைத்துவிடும். ரயில் அங்கே 'ஹுவோச்சே', அதாவது தீவண்டி. தொலைபேசி 'தியேன்ஹுவா', மின்பேச்சு. கணினி 'தியேன்நாவ்', மின்மூளை. நம் தனித்தமிழ் அன்பர்கள் கேட்டால் மகிழ்வார்கள். ஆனால் தேர்வு எழுதும் மாணவனுக்கு இதனால் ஓர் இழப்பு: ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றும் அவனுக்கு முற்றிலும் புதுமுகம். நமக்கோ வேறு வகைத் தொல்லை. வினாத்தாளில் 'கரண்ட் பிராப்ளம்' என்று கண்டதும் நான் மின்வெட்டு என்று நினைத்தேன். அது 'இப்போதைய சிக்கல்'!

சொல் என்றதும் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. நடுவில் சதுரத் துளையிட்ட பழைய சீனச் செப்புக்காசை ஆங்கிலேயர் 'கேஷ்' என்றே எழுதினர். அந்தக் 'கேஷ்' நம் 'காசு'. போர்ச்சுக்கீசியர் வாய்வழி ஆங்கிலத்துக்குச் சென்று, சீன நாணயத்துக்குப் பெயரானது. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு மூலத்திலிருந்து வந்த வேறு சொல்.

கேட்டல் பகுதிக்கு வருவோம். சீன மாணவர் மிகவும் அஞ்சுவது இதைத்தான். மூன்று செய்திகள், இரண்டு உரையாடல்கள், மூன்று பத்திகள், 25 வினாக்கள். எல்லாம் ஒரே ஒரு முறைதான் ஒலிக்கும். பல கல்லூரிகளில் இதைப் பண்பலை வானொலியில் ஒலிபரப்பி, மாணவர் தம் ஹெட்போனில் கேட்கிறார்கள். முதல் நாளே புதுப் பேட்டரி போட்டு அலைவரிசையைச் சரிபார்த்துக்கொள் என்பது மூத்த மாணவர் தரும் முதல் அறிவுரை. ஆண்டு முழுவதும் படித்துவிட்டுப் பேட்டரியால் கெட்டுப்போவது கொடுமை அன்றோ?

அச்சத்துக்குக் காரணம் ஒலியமைப்பில் இருக்கிறது. பொதுச்சீனத்தில் ஓர் அசை உயிரில் முடியும், அல்லது 'ன்', 'ங்' போன்ற மிகச் சில மெய்களில் முடியும். 'ட்', 'க்', 'ஸ்' எதிலும் முடியாது. இரண்டு மெய் கூடியும் தொடங்காது. ஆகவே ஆங்கிலச் சொல்லின் கடைசியில் மெல்ல ஒலிக்கும் மெய் சீனர் காதில் விழாமலே போய்விடுகிறது. ஆங்கிலத்திலோ இறந்த காலமும் பன்மையும் அந்தக் கடைசி மெய்யில்தான் குடியிருக்கின்றன. 'ஒர்க்' என்பதற்கும் 'ஒர்க்டு' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் காது தவறவிட்டால் விடை மாறிவிடும். நாமும் இதில் உத்தமர்கள் அல்லர். 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்கிறோம். 'பஸ்' என்பதைப் 'பஸ்ஸு' என்கிறோம். முன்னால் ஓர் உயிரும் பின்னால் ஓர் உயிரும் போட்டுச் சொல்லைத் தமிழாக்கிக்கொள்கிறோம். 'திங்க்' என்பதைச் சீனர் 'சிங்க்' என்பார். அவர் மொழியில் அந்தப் பல்லொலி இல்லை. 'வெரி' என்பது சிலர் வாயில் 'உவெரி' ஆகும். வாயால் வேறுபடுத்திச் சொல்ல முடியாததைக் காதால் வேறுபடுத்துவது மிகக் கடினம். அதனால்தான் நல்ல ஆசிரியர்கள், கேட்டல் பயிற்சிக்கு முன் வாய்விட்டுப் படிக்கச் சொல்கிறார்கள். விடியற்காலையில் கல்லூரித் தோட்டங்களிலும் ஏரிக்கரைகளிலும் மாணவர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் படிப்பது அங்கே பழகிய காட்சி.

இன்னொரு தடை, சொற்கள் ஒட்டிக்கொள்வது. 'நாட் அட் ஆல்' என்பது ஆங்கிலேயர் வாயில் 'நாட்டட்டால்' என்று ஒரே சொல்லாக வரும். சீனத்தில் ஒவ்வோர் எழுத்தும் ஓர் அசை. அசைக்கு அசை எல்லை உண்டு. 'தியேன் ஆன் மென்' என்ற இடத்தின் பெயரில் 'தியேன்' என்பதன் ஈற்று மெய், அடுத்த 'ஆ'வோடு சேர்ந்து 'தியேனான்' என்று ஆவதில்லை. இப்படி எல்லை கட்டிப் பழகிய காதுக்கு 'அன் ஆப்பிள்' என்பது 'அனாப்பிள்' என்று வந்தால் புதுச் சொல்லாகத் தோன்றும். தமிழ் மாணவருக்கு இது புதிதன்று. மெய்யீற்றின் முன் உயிர் வந்தால் சேரும் என்பதைத்தான் புணர்ச்சி இயலில் படித்துச் சலித்திருக்கிறோம். தமிழாசிரியரிடம் அடி வாங்கிய அந்த விதி ஆங்கிலம் கேட்கப் பயன்படும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இதற்குச் சீன மாணவர் கைக்கொள்ளும் முறை எழுதிப் பார்த்தல். ஒரு செய்தியை ஒரு வாக்கியம் ஒலிக்கவிட்டு, நிறுத்தி, கேட்டதை அப்படியே எழுதுகிறார். மீண்டும் ஒலிக்கவிட்டு விடுபட்டதை நிரப்புகிறார். மூன்றாம் முறைக்குப் பிறகே அச்சிட்ட மூலத்தைப் பார்க்கிறார். நான் கைப்பேசியில் இதைச் செய்து பார்த்தேன். ஒரு நிமிடச் செய்திக்கு முதல் நாள் ஒரு மணி நேரம் ஆயிற்று. இருபதாம் நாள் இருபது நிமிடம்.

எண்கள் தனிக்கதை. ஆங்கிலம் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக்கொண்டு போகும்: தவுசண்ட், மில்லியன், பில்லியன். சீனத்தில் பதினாயிரத்துக்கு 'வான்' என்றும் பத்துக் கோடிக்கு 'யீ' என்றும் தனிச் சொற்கள் உண்டு. ஆகவே 'டூ ஹண்ட்ரட் தவுசண்ட்' என்று கேட்ட சீன மாணவர் அதை 'இருபது வான்' என்று மாற்றிக்கொள்வதற்குள் அடுத்த வாக்கியம் போய்விடும். நமக்கு லட்சமும் கோடியும். 2020 கணக்கெடுப்பின்படி சீனத்தின் மக்கள்தொகை சுமார் 141 கோடி. சீனருக்கு அது பதினான்கு யீக்குச் சற்று மேல். ஆங்கிலச் செய்தியில் 1.41 பில்லியன். ஒரே தொகை, மூன்று வகைப் பொட்டலம். மாற்றிப் பார்க்காமல், கேட்ட உடனே எண்ணாகத் தாளில் எழுதிவிடுவதுதான் இதற்கு மருந்து. பூச்சியங்களுக்கு மொழி இல்லை.

கேட்டலின் மதிப்பெண்ணை ஏன் உயர்த்தினார்கள் என்றால், 'ஊமை ஆங்கிலம்' என்று சீனத்தில் வழங்கும் ஒரு சொல்லைக் கூற வேண்டும். பத்தாண்டு ஆங்கிலம் படித்து, தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் வாங்கி, ஒரு வெளிநாட்டார் வழி கேட்டால் வாய் திறக்க முடியாமல் நிற்பவரின் ஆங்கிலம் அது. பழைய தேர்வு அத்தகையோரையே உருவாக்கியது என்று குறை கூறினர். அந்த ஊமையைப் பேச வைக்க மாணவர் கண்ட வழி 'ஆங்கில மூலை'. பூங்காவிலோ கல்லூரி வளாகத்திலோ குறித்த மாலையில் கூடி, முன்பின் தெரியாதவரோடும் ஆங்கிலத்திலேயே பேசுவார்கள். பெய்ஜிங்கில் ரென்மின் பல்கலைக்கழகத்து ஆங்கில மூலை பெயர்பெற்றது. தவறாகப் பேசுவோரே பெரும்பாலோர் ஆகையால் சிரிக்க ஆள் இருப்பதில்லை. நம் கல்லூரி வேப்பமரத்தடி எதற்கெல்லாமோ பயன்படுகிறது; வாரத்தில் ஒரு மாலை இதற்கும் பயன்படலாம் என்று நண்பர் சிலரிடம் சொல்லியிருக்கிறேன்.

படித்துணர்தலில் நீண்ட கட்டுரை ஒன்றும், வினாக்களோடு சிறு பத்திகள் இரண்டும் உண்டு. அவற்றில் வினாவை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குப் போக வேண்டும் என்பதற்கு மேல் சொல்ல ஏதுமில்லை. சுவையானது முதற்பிரிவு. ஒரு பத்தியில் பத்து இடங்கள் வெற்றாக இருக்கும். கீழே பதினைந்து சொற்கள் இருக்கும். பொருளை மட்டும் பார்த்து நிரப்பினால் தவறும். பதினைந்தையும் பெயர், வினை, பெயரடை, வினையடை என்று முதலில் பிரித்து எழுதிக்கொண்டு, வெற்றிடம் எதைக் கேட்கிறது என்று பார்க்க வேண்டும். சீன மாணவருக்கு இது ஏன் கடினம்? 'ஃபாட்ஜான்' என்ற ஒரே சொல் அவருக்கு 'வளர்' என்றும் ஆகும், 'வளர்ச்சி' என்றும் ஆகும். சொல் தன் உருவத்தை மாற்றாது. நிற்கும் இடத்தால் வினையோ பெயரோ ஆகும். அதனால் டெவலப், டெவலப்மென்ட், டெவலப்டு மூன்றும் அவர் கண்ணுக்கு ஒன்றே. நமக்கு வளர், வளர்ச்சி, வளர்ந்த என்று தனித்தனி உருவங்கள் உண்டு. நான் எழுதிப் பார்த்ததில் எனக்கு அதிக மதிப்பெண் கிடைத்த பிரிவு இதுவே.

கட்டுரைப் பகுதியைப் பற்றி எனக்கு நல்லெண்ணம் இல்லை. 120 முதல் 180 சொற்களுக்குள் எழுத வேண்டும். பலர் ஓர் எலும்புக்கூட்டை மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். "சமுதாய வளர்ச்சியோடு" என்று தொடங்குவார்கள். "ஒவ்வொரு நாணயத்துக்கும் இரு பக்கம் உண்டு" என்று நடுவில் வைப்பார்கள். தலைப்பு எதுவானாலும் இது பொருந்தும். ஒரே நாணயத்தின் இரு பக்கத்தையும் நாளெல்லாம் பார்த்துச் சலிக்கும் திருத்துவோரை நினைத்தால் பரிதாபமாக இருக்கிறது. பள்ளி இறுதித் தேர்வுக்கு 'என் நண்பன்' கட்டுரையை மனப்பாடம் செய்து, இல்லாத நண்பனுக்கு ஒரு பெயரும் வைத்தவன் நான். ஆகவே மேலே பேசாமல் விடுகிறேன்.

மொழிபெயர்ப்பில்தான் சுழிப்பிழை முழுவதும் வெளிப்படும். 2013 டிசம்பர் முதல் ஒரு முழுப் பத்தியைச் சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும்; நீளம் 140 முதல் 160 எழுத்துகள். பொருள் பெரும்பாலும் அந்நாட்டு வரலாறும் பண்பாடும். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து எழுதாதபடி ஒரே அறையில் வெவ்வேறு தாள்கள் வரும். 2017 ஜூனில் மஞ்சளாறு, யாங்சி, முத்தாறு என்று ஆளுக்கோர் ஆறு. அவ்வாண்டு டிசம்பரில் ஆளுக்கொரு மலை.

சீன வினைச்சொல் காலத்தால் மாறாது. 'நேற்று' என்ற சொல்லும், செயல் முடிந்தது என்று காட்டும் 'ல' என்ற இடைச்சொல்லும் போதும். ஆகவே 'யெஸ்டர்டே ஐ கோ' என்று எழுதிவிடுவார். பெயர்ச்சொல்லுக்குப் பன்மை விகுதி பெரும்பாலும் இல்லை; 'மூன்று புத்தகம்'தான். நாமும் 'நாலு மாடு', 'பத்து ரூபாய்' என்றுதானே சொல்கிறோம்! அவன், அவள், அது மூன்றும் பேச்சில் 'தா'. லியு பன்னோங் என்ற கவிஞர் 1920ஐ ஒட்டிப் பரப்பிய தனி எழுத்தால் 'அவள்' தாளில் பிரிந்தாள். ஒலியில் இன்னும் பிரியவில்லை. அதனால் தாயைப் பற்றிப் பேசும்போதே 'ஹி' வந்துவிடும். நமக்கு அவனும் அவளும் உண்டு என்று இறுமாந்திருந்தேன். ஆனால் 'அவர்' என்று மரியாதையாக நினைத்துக்கொண்டு, பேராசிரியை ஒருவரை நானும் 'ஹி' என்று எழுதியிருக்கிறேன். 'ஆல்தோ' என்று தொடங்கிய வாக்கியத்தின் நடுவில் 'பட்' வருவதும் சீனத்தில் இரண்டும் சேர்ந்தே வருவதால்தான். விளக்கை ஏற்றுவதற்குச் சீனர் 'திற' என்ற சொல்லை வழங்குவதால் 'ஓபன் தி லைட்' என்பார். நாம் விளக்கைப் போடுகிறோம். 'புட் தி லைட்' என்கிறோம்.

எல்லாவற்றிலும் எனக்கு வியப்பூட்டியது பெயரெச்சம். 'வோ ஜுவோதியேன் மாய் த ஷூ' என்பது ஒரு சீனத் தொடர். வோ, நான், ஜுவோதியேன், நேற்று, மாய் த, வாங்கிய, ஷூ, புத்தகம். நான் நேற்று வாங்கிய புத்தகம்! சொல்லுக்குச் சொல் தமிழ். உறவே இல்லாத இரு மொழிகள், அடைமொழி எவ்வளவு நீண்டாலும் அதைப் பெயருக்கு முன்னே நிறுத்துவதில் ஒன்றாக இருக்கின்றன. ஆங்கிலமோ 'தி புக்' என்று பெயரை முதலில் வைத்துவிட்டு, 'விச் ஐ பாட் யெஸ்டர்டே' என்று பின்னால் தொங்கவிடும். ஆகவே சீன மாணவருக்குச் சொல்லித்தரும் முறை நமக்கும் அப்படியே பொருந்துகிறது. நீண்ட வாக்கியத்தைக் கண்டால் முன்னிருந்து மொழிபெயர்க்கத் தொடங்காதே. கடைசியில் நிற்கும் பெயரைத் தேடிப் பிடித்து அதை முதலில் எழுது. அடைமொழியைப் பிறகு சேர்.

எழுதி முடிக்க இருபது நிமிடம், திருத்தப் பத்து நிமிடம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். திருத்தும்போது எல்லாவற்றையும் ஒருசேரப் பார்த்தால் எதுவும் கண்ணில் படாது. முதல் சுற்றில் வினைகளை மட்டும் பார்த்துக் காலம் சரியா என்று கேட்க வேண்டும். இரண்டாம் சுற்றில் பெயர்களை மட்டும் பார்த்து, பன்மையின் 'ஸ்' இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாம் சுற்று 'எ', 'அன்', 'தி' மூன்றுக்கும் உரியது. சீனத்திலும் தமிழிலும் இவை இல்லாததால் கடைசிவரை தொல்லை தருபவை இவையே. ஆறுகளின் பெயருக்கு முன் 'தி' வரும். நாடு, மாநிலம் பெரும்பாலானவற்றுக்கு வாராது. காரணம் கேட்டால் பேராசிரியரும் "வழக்கு" என்கிறார்.

மஞ்சளாற்றைப் பற்றித் தமிழில் ஒரு பத்தி நானே எழுதினேன். சிங்ஹாயில் தோன்றுவது, ஒன்பது மாநிலப் பகுதிகளைக் கடப்பது, மண் கரைந்த நீரின் நிறத்தால் பெயர் பெற்றது, போஹாய் கடலில் கலப்பது எல்லாம் அதில் அடக்கம். கடிகாரம் வைத்து முப்பது நிமிடத்தில் ஆங்கிலமாக்கி, மூன்று சுற்றும் திருத்திப் பேராசிரியரிடம் கொடுத்தேன். மறுநாள் தாள் திரும்பி வந்தது. காலப் பிழை ஒன்றுமில்லை. பன்மைப் பிழை ஒன்று. 'தி' விடுபட்ட இடங்கள் ஐந்து. வேண்டாத இடத்தில் போட்டவை இரண்டு. அந்த இரண்டில் ஒன்று 'சைனா'வுக்கு முன்னால் இருந்தது.